கலமா, செல்லா, கண்ணறையா? உயிர்க்கலத்தின் பழஞ்சொற்களை எந்தத் தமிழில் எழுதுவது

இலங்கை மலையகத்தின் அட்டன் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர் ஐவர் சேர்ந்து, தரம் 10, 11 மாணவருக்காகச் சிறு கைந்நூல் ஒன்றை எழுதத் தொடங்கினோம். உயிர்க்கலத்தையும் அதனுள் இருப்பவற்றையும் மனிதர் எவ்வாறு ஒவ்வொன்றாகக் கண்டு பெயரிட்டனர் என்பதே அதன் பொருள். முதல் வாக்கியத்திலேயே வேலை தடைப்பட்டது. 1665 ஆம் ஆண்டில் ரொபேட் ஹூக் தக்கைச் சீவல் ஒன்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது கண்டதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? அரசாங்கப் பாடநூலின் சொல் கலம். மாணவர்கள் மாலையில் கைத்தொலைபேசியில் பார்க்கும் தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளின் சொல் செல். எங்களுடன் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, பழைய தமிழ் நூல்களில் தாம் படித்த கண்ணறை என்ற சொல்லே ஹூக்குக்குப் பொருந்தும் என்று விடாமல் நின்றார்.

ஒரு சொல்லில் தொடங்கிய இந்த வழக்கு விரைவில் முழு நூலுக்கும் பரவியது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வழியே இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்ற கலம், முதலுரு, குழியவுரு, இழைமணி, நிறமூர்த்தம் என்னும் வரிசையை அப்படியே எடுப்பது. இரண்டாவது, செல், புரோட்டோபிளாசம், சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, குரோமோசோம் என்னும் தமிழ்நாட்டு வரிசைக்கு மாறுவது. மூன்றாவது, உயர்தரத்திலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர் எப்படியும் ஆங்கிலச் சொற்களைச் சந்திக்கத்தான் போகிறார்கள் என்பதால், எல்லாவற்றையும் ஆங்கில ஒலிப்பிலேயே தமிழெழுத்தில் எழுதிவிடுவது. பரீட்சைக்கான குறிப்புநூலாக இருந்திருந்தால் பேச்சே இல்லை. வினாத்தாள் எந்தச் சொல்லில் வருகிறதோ அந்தச் சொல்லே விடைக்கும் உரியது. வரலாற்று நூலுக்கு வேறொரு தேவையும் உண்டு. பெயர் வைத்தவர் அன்று என்ன நினைத்தார் என்பதையும், எங்கே தவறினார் என்பதையும் அந்தப் பெயரே ஓரளவு காட்ட வேண்டும். இந்த அளவுகோலைக் கொண்டு நான் மூன்று வரிசைகளையும் பொருத்திப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

ஹூக் கண்டவை உயிருள்ளவை அல்ல. தக்கை என்பது ஓக் மரமொன்றின் இறந்த பட்டை. அதில் எஞ்சியிருந்தவை சுவர்கள் மட்டுமே. தேன்கூட்டின் அறைகளையொத்த அந்த வெறுமையான குழிகளுக்கு அவர் இலத்தீனில் சிற்றறை என்று பொருள்படும் சொல்லின் வழிவந்த பெயரை வைத்தார். ஒரு கன அங்குலத்தில் அவ்வாறான குழிகள் 120 கோடிக்கும் மேல் இருக்குமென்று கணக்கிட்டு, 1,259,712,000 என்ற எண்ணையும் எழுதிவைத்தார். இந்தக் காட்சிக்குக் கண்ணறை என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது. கண்ணும் அறையும் சேர்ந்த அச்சொல்லைக் கேட்டவுடனே தேன்கூடு நினைவுக்கு வருகிறது. தரம் 10 மாணவி ஒருத்தி வெங்காய மேற்றோலை முதன்முறை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, "லயம் மாதிரி இருக்கு சேர்" என்றாள். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் லயக் காம்பராக்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வீடுகளை, அவள் கண்டாள். ஹூக்கின் மனத்தில் இருந்த உவமையும் அதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை.

கலம் என்ற சொல் வேறோர் உவமையைத் தருகிறது. உண்கலம், மட்கலம் என்பவற்றில் உள்ள கலம் ஏனம். ஏதாவது ஒன்றைத் தன்னுள் கொள்வது. 1838 இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839 இல் ஷ்வான் விலங்குகளுக்கும் உயிர்ப்பொருளின் அடிப்படை அலகு இதுவே என்று நிறுவியபின், உள்ளிருக்கும் பொருளுக்கே முதன்மை வந்தது. சுவர் பின்னுக்குப் போனது. 1861 இல் மாக்ஸ் ஷுல்ட்ச, கருவொன்றைக் கொண்ட முதலுருத் திரளே கலம் என்று வரைவிலக்கணம் கூறியபோது சுவரே தேவையற்றதாகிவிட்டது. எனவே 1839 க்குப் பின்னுள்ள பக்கங்களுக்குக் கலம் என்பதே சரியான தமிழ். ஹூக்கின் தக்கைக்கு அதை இட்டால், அவர் பார்க்காத உள்ளடக்கத்தை அவர் பார்த்ததாகச் சொல்லிவிடுகிறோம். செல் என்ற ஒலிபெயர்ப்பு இந்த இடத்தில் எந்த உதவியும் செய்யவில்லை. அறையையும் சொல்லாது, ஏனத்தையும் சொல்லாது. போதாக்குறைக்குச் செல் என்றால் தமிழில் போ என்பதும், கறையான் என்பதும் பொருள். தாள்களைச் செல்லரித்த கதை ஈரப்பதம் மிக்க எங்கள் மலைநாட்டுப் பாடசாலை அலுமாரிகளுக்கு நன்கு தெரியும்.

உயிரணு என்ற நான்காவது சொல்லையும் ஒருவர் முன்வைத்தார். இணையத்திலும் சஞ்சிகைகளிலும் அது பரவலாக வழங்குகிறது. கேட்கவும் இனிமையாக இருக்கிறது. எனினும் அணு என்ற சொல்லை இரசாயனப் பாடத்தில் ஒரு பொருளிலும் உயிரியலில் வேறொரு பொருளிலும் பயன்படுத்தினால், ஒரு கலத்துக்குள் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன என்று சொல்லும்போது மாணவர் திகைப்பர். அதைக் கைவிட்டோம்.

அடுத்ததாக, கலத்துக்குள் இருக்கும் பொருளின் பெயர். இங்கேதான் இலங்கைச் சொற்கள் தம் வலிமையைக் காட்டுகின்றன என்பது என் கருத்து. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1835 இல் துஜார்தான் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் நுண்ணுயிரிகளின் உடலிலுள்ள வழுவழுப்பான, உயிருள்ள பொருளுக்கு ஊன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயரை வைத்தார். 1839 இல் புர்க்கின்யே, முளையம், அதாவது பிறக்குமுன் வளரும் இளவுயிர், உருவாகும் மூலப்பொருளுக்கு முதலில் உருவாக்கப்பட்டது என்று பொருள்படும் வேறொரு பெயரை இட்டார். 1846 இல் ஹூகோ வொன் மோல் தாவரக் கலத்தினுள் இருக்கும் பொருளுக்கு அந்த இரண்டாம் பெயரையே கொடுத்தார், அதுவே நிலைத்தது. தமிழ்நாட்டு நூல்கள் இதைப் புரோட்டோபிளாசம் என்று எழுதுகின்றன. ஆங்கிலம் வழியாக வந்த ஒலி மட்டுமே அதில் இருக்கிறது. இலங்கைச் சொல் முதலுரு. முதல் என்பதும் உரு என்பதும் கிரேக்கச் சொல்லின் இரு பாதிகளுக்கும் ஒன்றுக்கொன்று நேர்நிற்கின்றன. 19 ஆம் நூற்றாண்டில் பலர் இப்பொருளையே உயிரின் மூலமாகக் கருதியதையும், எல்லா உயிர்களுக்கும் பொதுவான பௌதிக அடிப்படை இதுவே என்று ஹக்ஸ்லி 1868 இல் எடின்பரோவில் உரையாற்றியதையும் மாணவருக்குச் சொல்லும்போது, முதலுரு என்ற சொல்லே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது.

1860களில் கோலிக்கர், கருவைத் தவிர்த்து எஞ்சிய பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டுமென்று இன்னொரு சொல்லை ஆக்கினார். அதுவே குழியவுரு. இச்சொல்லில் உள்ள குழியம் தனித்து நிற்பதன்று. செங்குழியம், வெண்குழியம் என்று குருதிப் பரிசோதனைத் தாள்களைப் பற்றிப் பேசும் எவரும் அறிந்த அதே குழியம். கிரேக்க மொழியில் உட்குழிந்த ஏனம் என்று பொருள்படும் ஒரே சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நம் சொல்லாக்கக்காரர்கள் குழியம் என்றே இட்டார்கள். தமிழ்நாட்டு வரிசையில் குருதியில் சிவப்பணு, கலத்தில் சைட்டோபிளாசம் என்று உறவு அறுந்துபோகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏனம் என்ற பொருள் கிரேக்கச் சொல்லுக்கு உரியது. நாம் அதற்குக் குழியம் என்றோம். அறை என்ற பொருள் இலத்தீன் சொல்லுக்கு உரியது. நாம் அதற்கு ஏனம் என்று பொருள்படும் கலத்தைக் கொடுத்தோம். இரண்டு சொற்களும் இடம் மாறி அமர்ந்துவிட்டன. இப்போது எழுப்பி மாற்றி இருத்த முடியாது. கைந்நூலில் ஓர் அடிக்குறிப்பாக மட்டும் சொல்லலாம்.

உறுப்புகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் இந்த முறையின் பெரும்பயன், பாடநூலில் இல்லாத இறந்துபோன சொற்களை எழுத வேண்டியபோதுதான் தெரிந்தது. ஷ்லைடன் கலக் கருவுக்குப் புதிய பெயரொன்று வைத்தார். புதிய கலம் இந்தக் கருவைச் சுற்றிப் படிகம்போல் முளைக்கிறது என்று அவர் தவறாக நம்பியதே காரணம். 1890 இல் அல்ட்மான், கலத்துக்குள் தாம் கண்ட மணிகளைத் தனித்து வாழக்கூடிய அடிப்படை உயிரிகள் என்று கருதி, அதற்கேற்ற பெயரை வைத்தார். இரு பெயர்களிலும் ஈற்றில் முளை என்று பொருள்படும் ஒரே உறுப்பு இருக்கிறது. நம் வழக்கில் இவ்வீற்றுக்கு அரும்பர் என்ற சொல் உண்டு. ஆகவே முன்னதைக் குழியவரும்பர் என்றும், பின்னதை உயிரரும்பர் என்றும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டோம். இரண்டிலும் அவற்றைப் பெயரிட்டவரின் நம்பிக்கை அப்படியே தெரிகிறது. இரண்டாம் வழியிலோ மூன்றாம் வழியிலோ போயிருந்தால், எந்த மாணவரும் இனி ஒருபோதும் சந்திக்காத இரண்டு வெற்றொலிகளை அவர்கள் தலையில் ஏற்றியிருப்போம். துஜார்தானின் பெயருக்கு மட்டும் இவ்வாறு ஒட்டும் உறுப்பு கிடைக்கவில்லை. ஊன்பொருள் என்று விளக்கமாகவே எழுதினோம்.

இந்த வழக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மோல் முதலுருவுக்குப் பெயர் கொடுத்த மறு ஆண்டான 1847 இல், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிசனரி மருத்துவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்து, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்து, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அதற்கெனச் சொற்பட்டியல்களையும் ஆக்கியவர் அவர். நூறு ஆண்டுகளுக்குப் பின், சுயமொழிக் கல்விக்காக அரசாங்கம் சொற்றொகுதிகளை வெளியிட்டபோது அந்த மனப்பாங்கு அழியாமல் இருந்தது. ஆனால் மலையகத்துக்கு இச்சொற்கள் மிகப் பிந்தியே வந்தன. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரும்வரை, பெரும்பாலானவை தொடக்க வகுப்புகளுடன் நின்றன. குழியவுரு என்ற சொல்லைத் தாயும் தகப்பனும் வீட்டில் சொல்லிக் கேட்ட பிள்ளை எங்கள் வகுப்புகளில் இன்றும் குறைவு. ஆகவே இலங்கைச் சொற்கள் நம்முடையவை, தமிழ்நாட்டுச் சொற்கள் வெளியார்சொற்கள் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. இரண்டும் இப்பிள்ளைகளுக்குப் புதியவையே. எது தன்னைத்தானே விளக்கிக்கொள்கிறது என்பதே கேள்வி.

கரு என்ற சொல்லில் தமிழ்நாட்டு வரிசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1831 இல் ரொபேட் பிறவுண், ஓர்க்கிட் தாவரங்களின் மேற்றோலில் ஒவ்வொரு கலத்திலும் வட்டமான, ஒளி ஊடுருவாத புள்ளியொன்றைக் கண்டு, கொட்டையின் பருப்பு என்று பொருள்படும் பெயரை முன்மொழிந்தார். தமிழ்ப் பேச்சில் கரு என்றால் வயிற்றில் தங்குவதே முதலில் நினைவுக்கு வரும். பாடநூல் அதற்கு முளையம் என்ற தனிச்சொல்லைக் கொடுத்து, கருவைக் கலத்துக்கும் அணுவுக்கும் விடுவித்துக்கொண்டது உண்மை. ஆனால் வகுப்பறைக்கு வெளியே யாரும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. உட்கரு என்று எழுதினால் இந்த மயக்கம் பெரிதும் நீங்கும். நான் ஒரு வாரம் அதன் பக்கம் சாய்ந்திருந்தேன். இறுதியில் கருவையே வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதன் குடும்பம்: கருவினுள் இருக்கும் சிறு பொருள் புன்கரு, 1869 இல் மீஷர் சீழ்க்கலங்களின் கருவிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு 1889 இல் அல்ட்மான் சூட்டிய பெயரைக் கருவமிலம் என்று எழுதலாம். கரு என்ற வேர் இவற்றையெல்லாம் ஒரு சரத்தில் கோக்கிறது. அந்தக் குடும்பத்திலும் ஓர் இடையூறு உண்டு. கருவுக்குள் நிறைந்த பொருளைக் குழியவுருவின் முறையிலேயே கருவுரு என்று எழுதினால், கருவுறு என்பதற்கும் அதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. வாசிக்கும் போது வகுப்பு முழுதும் சிரிக்கும். அந்த ஓரிடத்தில் கருவின் உட்பொருள் என்று நீட்டி எழுதுவதே மேல்.

மீஷரின் அதே 1869 ஆம் ஆண்டு எங்கள் மலைகளுக்கு வேறு விதத்தில் முக்கியமானது. கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் பதிவானது அவ்வாண்டிலேயே. 1880 இல் மார்ஷல் வோட் என்ற இளம் தாவரவியலாளர் அதனை ஆராய இங்கு அனுப்பப்பட்டு, 1882 வரை நுணுக்குக்காட்டியுடன் இலைகளைப் பார்த்தார். நோயை உண்டாக்கிய பங்கசின் (பூஞ்சையின்) வித்தி இலையின் மேல் விழுந்து, ஈரத்தில் முளைத்து, அதன் முளைக்குழாய் இலைவாயின் வழியே உள்ளே புகுவதை அவர் விளக்கினார். கோப்பித் தோட்டங்கள் மீளவில்லை, தேயிலை வந்தது, இன்றைய மலையகம் அந்த மாற்றத்தின் மேல் எழுந்தது. இந்தப் பகுதியை எழுதும்போது இலைவாய் என்ற இலங்கைச் சொல்லையும் இலைத்துளை என்ற தமிழ்நாட்டுச் சொல்லையும் ஒப்பிட்டோம். கிரேக்க மூலத்தில் அது வாய்தான். திறந்து மூடுவது வாயின் தொழில், துளை மூடாது. இதில் வாதமே எழவில்லை.

இழை என்ற வேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் மாணவர் அதிகம் குழம்புவது இங்கேதான். 1882 இல் ஃபிளெமிங், கலம் பிரியும்போது கருவினுள் நூல்கள் போன்றவை தோன்றிப் பிரிவதைக் கண்டு, நூல் என்ற கிரேக்கச் சொல்லால் அந்நிகழ்வுக்குப் பெயரிட்டார். தமிழில் இழையுருப்பிரிவு. 1898 இல் பெண்டா, குழியவுருவில் நூல்போலவும் மணிபோலவும் கிடந்த சிறுபொருள்களுக்கு அதே கிரேக்க நூலையும் மணியையும் சேர்த்துப் பெயரிட்டார். தமிழில் இழைமணி. மைட்டோசிஸ், மைட்டோகாண்ட்ரியா என்று ஒலியால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது தெரிய வழியில்லை. இழைமணி என்று படிக்கும் பிள்ளைக்கு அது கண்முன் நிற்கிறது. ஆனால் பாடநூலில் மூன்றாவதாக இழையம் என்ற சொல்லும் உண்டு. அது நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்தாமலே உடலில் 21 வகை இழையங்களைப் பிரித்துக் காட்டிய பிஷா, 1801 அளவில் நெய்த துணி என்ற பொருளில் வழங்கிய பிரெஞ்சுச் சொல்லின் தமிழாக்கம். துணியும் நூலும் தமிழில் ஒரே இழையில் சிக்கிக்கொண்டன. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும்போது, இழையத்தைப் பிரிப்பது இழையுருப்பிரிவு என்று எழுதும் மாணவர் சிலரைச் சந்திக்கிறேன். தமிழ்நாட்டுத் திசு இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. எனினும் பரீட்சைத் தாளில் இழையம் என்றே வருவதால், கைந்நூலிலும் இழையமே இருக்கட்டும், மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்து வேறுபடுத்துவோம் என்று முடிவாயிற்று.

நிறமூர்த்தம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. 1888 இல் வால்டயர் இட்ட பெயரின் பொருள் நிறவுடல். சாயத்தை நன்றாக ஏற்றதால் வந்த பெயர். அவற்றுக்கெனச் சொந்த நிறம் கிடையாது. நிறமூர்த்தம் என்ற தமிழ், அந்த ஆய்வுகூடச் சாயப்புட்டிகளை நினைவூட்டிக்கொண்டே இருப்பதால் வரலாற்றுக்கு மிகவும் ஏற்றது. குறை, மூர்த்தம் என்ற வடசொல் பிள்ளைகளின் நாவில் முகூர்த்தமாகிவிடுவது. சிவமூர்த்தம் என்று கோயிலில் கேட்டிருந்தால் பிடிபடும். கேளாதவருக்குக் கல்யாண நாள்தான் நினைவில் வரும். குரோமோசோம் என்பதை எல்லோரும் எப்படியோ உச்சரித்துவிடுகிறார்கள். நான் நிறமூர்த்தத்தின் பக்கமே நின்றேன்; இருவர் எதிர்த்தனர்; மூன்றுக்கு இரண்டில் வென்றது.

புன்வெற்றிடம் என்ற சொல்லைத்தான் நான் உண்மையாகவே விரும்பிப் பாதுகாத்தேன். 1841 இல் துஜார்தான், நுண்ணுயிரிகளுக்குள் தெளிந்த குமிழிகளைக் கண்டு, அவை வெறுமையானவை என்று எண்ணிச் சிறுவெற்றிடம் என்று பொருள்படும் பெயரை இட்டார். அவை வெறுமையானவை அல்ல, கரைசல் நிறைந்தவை. தமிழ்நாட்டு நூல்களின் நுண்குமிழ் என்ற சொல் இந்தப் பிழையைத் திருத்திவிடுகிறது. பாடநூலாக இருந்தால் அதற்காக நன்றி சொல்லலாம். வரலாற்று நூலில் பிழையைத் திருத்தி எழுதினால் வரலாறே போய்விடும். தவிரவும் எங்கள் ஊரில் இந்தப் பிழையை விளக்குவது மிக எளிது. தேயிலைக் கொழுந்தின் கலத்தில் பொலிபீனோல்கள் இருப்பது இந்த வெற்றிடத்துள்தான். அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் (என்சைம்) அதற்கு வெளியே தனியாக இருக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, ரோலரில் உருட்டும்போது மென்சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன, பச்சை நிறம் செம்பாகிறது, மணம் எழுகிறது. வெறுமையென்று பெயர்பெற்ற இடத்தில் இருந்ததைத்தான் உலகம் குடிக்கிறது. கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர் என்பதும், நாலரைக் கிலோ கொழுந்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தேயிலையே கிடைக்கிறது என்பதும் தொழிற்சாலையில் வேலைசெய்யும் பெற்றோர் அறிந்த கணக்கு. அந்த நீரின் பெரும்பகுதி இருந்த இடமும் இந்த வெற்றிடமே.

இந்த உதாரணத்தை எழுதும்போது இன்னொரு வரலாற்றுப் பிழை வந்து சேர்ந்தது. உருட்டிய இலை செம்பாகும் படியைத் தேயிலைத் தொழில் இன்றும் நொதித்தல் என்றே அழைக்கிறது. கள் புளிப்பதைப்போல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை என்று ஒரு காலத்தில் கருதியதன் எச்சம் அது. உண்மையில் நடப்பது ஒட்சியேற்றம். நொதியம் என்ற சொல்லிலும் அதே நொதித்தல் ஒட்டியிருக்கிறது. 1870களில் கூனே அதற்கு இட்ட கிரேக்கப் பெயரின் பொருள் புளிமாவில் இருப்பது என்பதாகும். எனவே நொதியம் சரி. தொழிற்சாலையின் நொதித்தல் பிழை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். மாறாக, தொழிற்சாலை ஆங்கிலத்தில் சல்லடையிலிருந்து இறங்கும் உருட்டிய இலைக்கு வழங்கும் டூல் என்ற சொல் நம்முடைய தூள் என்பதை ஒரு பிள்ளைகூட அறிந்திருக்கவில்லை. சொற்கள் ஒரு வழியாக மட்டும் பயணிப்பதில்லை என்பதைக் காட்ட அதையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டோம்.

முதல் வரிசை தோற்ற இடமும் உண்டு. 1909 இல் யொஹான்சன், பரம்பரைக் காரணிக்கு மிகக் குறுகிய ஒரு பெயரைத் தேர்ந்தார். அதற்கு முன்னிருந்த சொற்கள் அது ஒரு துணிக்கை, ஒரு முளை என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தன. எந்தக் கருதுகோளும் ஒட்டாத வெறுஞ்சொல் ஒன்றையே அவர் வேண்டினார். பாடநூலின் பரம்பரையலகு அதை அலகு என்கிறது. செய்தித்தாள்களின் மரபணு அதை அணு என்கிறது. இரண்டும் அவர் தவிர்க்க நினைத்ததையே செய்கின்றன. இவ்விடத்தில் பொருளற்ற ஒலியே வரலாற்றுக்கு உண்மையானது. ஆகவே யொஹான்சனைப் பற்றிய பக்கத்தில் ஜீன் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் பரம்பரையலகு என்று இட்டு, அடுத்த பக்கத்திலிருந்து பரம்பரையலகுக்குத் திரும்பினோம். 1955 இல் டி டூவ் பெயரிட்ட இலைசோசோம், 1958 இல் பெயர்பெற்ற இரைபோசோம் போன்றவற்றுக்குப் பாடநூலே ஒலிபெயர்ப்பைத்தான் வைத்திருப்பதால் அங்கு பேச ஒன்றுமில்லை. எழுத்துமுறையில் மட்டும் இலங்கை வழக்கு: இரைபோசோம், கொல்கி, ஒட்சிசன். ரைபோசோம், கோல்கை, ஆக்ஸிஜன் என்று காணொளிகளில் வருபவை வேறு பொருள்கள் அல்ல என்று ஒரு சிறு பட்டியலை நூலின் இறுதியில் இட்டால் போதும்.

அந்தப் பட்டியலைப் பற்றியும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆங்கிலத்தில் படிக்கப்போகும் மாணவருக்கு மூன்றாம் வழியின் பயனை முற்றாக மறுக்க முடியாது. ஆகவே இறுதிப் பட்டியலில் இலங்கைச் சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கில ஒலிப்பு, பெயரிட்டவர், ஆண்டு என்று ஐந்து நிரல்கள் அமைத்தோம். உடற்பகுதியில் முதல் வரிசை மட்டுமே வரும். விலக்குகள் இரண்டே: ஹூக்குக்குக் கண்ணறை, யொஹான்சனுக்கு ஜீன். கண்ணறை என்ற சொல் ஹூக்கின் பக்கத்தில் தொடங்கி ஷ்லைடனுக்கு முந்திய பக்கத்துடன் நின்றுவிடும். அங்கே, இவ்வறைகள் வெற்றறைகள் அல்ல என்று தெரிந்தபின் நாம் இவற்றைக் கலம் என்று அழைப்போம் என ஒரு வாக்கியம் இருக்கிறது. அதை எழுதியவர் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரே. முதற்பக்கம் இப்போது இவ்வாறு தொடங்குகிறது: "1665 இல் ரொபேட் ஹூக் தக்கையில் கண்டவை கண்ணறைகள், அவற்றுள் அப்போது யாரும் குடியிருக்கவில்லை."